தோற்றுவிடுவார்கள் என்று சொன்னவள்

1

எங்கள் ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் போன வாரம் என் படம் வந்தது. மதுரையில் இருந்தவரை என் பெயர் அச்சேறியது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இத்தனை வருடம் கழித்து இப்படி ஒரு யோகம். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: "'தோற்றுவிடுவார்கள்' என்கிறார் தாய்."

அந்தத் தாய் நான்தான். தோற்றுவிடுவார்கள் என்று நான் சொன்னது என் மகள் கயல் ஆடுகிற கல்லூரிக் கூடைப்பந்து அணியை.

இங்கே மார்ச் மாதம் வந்தால் நாடே கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்து அலையும். நாடு முழுக்க இருக்கும் கல்லூரி அணிகளில் நல்லவற்றைப் பொறுக்கி ஆடவிடுவார்கள். தோற்றவர் மூட்டையைக் கட்டவேண்டியதுதான், ஜெயித்தவருக்கு அடுத்த ஆட்டம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வழக்கமாகப் பெரிய பல்கலைக்கழகங்கள்தான் கடைசிவரை போகும். கயலின் கல்லூரியோ நம் ஊர் மேல்நிலைப் பள்ளி அளவுகூட இருக்காது. அது இந்த வருடம்தான் முதல் தடவையாக உள்ளே நுழைந்தது. நுழைந்ததோடு சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு பெரிய யானைகளைச் சாய்த்துவிட்டது. மிச்சம் இருப்பது பதினாறே அணிகள், அதில் இதுவும் ஒன்று. கூரைமேல் குடை கவிழ்த்த டி.வி. வண்டிகள் எங்கள் ஊர்த் தெருவில் வந்து நின்றுவிட்டன.

மளிகைக் கடை வாசலில் பத்திரிகைக்காரத் தம்பி ஒருவன் என்னைப் பிடித்தான். "உங்கள் மகளின் அணி எவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டான். கையில் பால் டப்பாவோடு நின்ற நான் சொன்னேன்: "எங்கே போகப் போகிறார்கள்? அடுத்த ஆட்டத்தில் தோற்றுவிடுவார்கள். என் மகளும் அப்படியொன்றும் பெரிய ஆட்டக்காரி இல்லை."

மதுரைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. "உங்க பொண்ணு நல்லாப் படிக்குதாமே" என்று யாராவது கேட்டால், "அட நீங்க வேற, அது எங்கிட்டுப் படிக்குது, எந்நேரமும் ரேடியோப் பொட்டிதான்" என்போம். உடனே கேட்டவர், "அப்படிச் சொல்லாதீங்க, நல்லா வரும் பாருங்க" என்பார். நம் பிள்ளையைப் பற்றிய நல்ல வார்த்தை நம் வாயிலிருந்து வரக்கூடாது, அடுத்தவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கைக்குழந்தையின் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைக்கிறோமே, அதுதான் இது. கையால் வைக்கிறதை வாயால் வைக்கிறோம்.

நான் என் வசனத்தைச் சொல்லிவிட்டு அவன் வசனத்துக்காகக் காத்து நின்றேன். அவன் எழுதிக்கொண்டான். நன்றி சொன்னான். போய்விட்டான்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கிழவர் கையை நீட்டமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். "சொந்த மகளைப் பற்றி இப்படிப் பேசுகிற அம்மா கையால் ஊசியா?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் போலிருக்கிறது. நான் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுவிட்டேன்.

2

இந்தப் பயம் அமெரிக்காவில் வந்து பிடித்ததல்ல. திண்டுக்கல் ரோட்டில் பிடித்தது.

எழுபதுகளின் கடைசி. செல்லூரில் எங்கள் அப்பா சின்னதாக விசைத்தறிக் கூடம் வைத்திருந்தார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிசு. உப்பு வேண்டும் என்று கேட்டால்கூடச் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் எட்டிப்பார்ப்பார்கள். நான் படித்த பெண்கள் கல்லூரி திண்டுக்கல் ரோட்டில், பரவைக்குப் போகிற வழியில், வயலுக்கு நடுவே இருந்தது. பஸ் கண்டக்டர்கள் அதை "பொட்டக்காட்டுக் காலேஜ்" என்பார்கள். அங்கே ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. நான் ஆட்டக்காரி அல்ல, பந்து என்னைப் பார்த்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். ஆனால் ரசிகை என்றால் நான்தான் ரசிகை. "ஈசுவரி கத்துனா பரவைச் சந்தையில வெலை ஏறும்" என்பார் எங்கள் பி.டி. டீச்சர்.

மண் தரைதான் மைதானம். மழை பெய்தால் மறுநாள் நாற்று நடலாம். இரும்பு வளையத்தைச் செல்லூர்ப் பட்டறை ஒன்றில் சொல்லி வளைத்து வாங்கினோம். அதற்குக் கட்டிய வலை எங்கள் தறிக் கழிவு நூலில் நான் முடைந்தது. முதல் வருடம் ஆட்டம் பார்க்க வந்தது நான், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த ஒருவர், அவருடைய இரண்டு ஆடுகள். நான் கத்தினால் ஆடுகள் ஓடிவிடும். ரசிகர் கூட்டம் பாதியாகிவிடும்.

அணித்தலைவி செல்வராணி. சோழவந்தான் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். ஊரெல்லாம் ஏணி போட்டுக் கிள்ளுகிற வெற்றிலையை இவள் நின்றபடியே கிள்ளுவாள் என்று கேலி செய்வோம், அத்தனை உயரம். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், தாய்மாமன்தான் எல்லாம். அவரும் நல்ல மனிதர்தான். "காம்பவுண்டுக்குள்ள என்னமோ ஆடிக்கிருங்க" என்று அனுமதி கொடுத்திருந்தார். செல்வராணிக்கு அந்த மதில்சுவர்தான் உலகம். அதற்குள்ளே அவள் எகிறினால் தரைக்குத் திரும்பி வருவாளா என்று சந்தேகமாக இருக்கும்.

இரண்டாம் வருடம் மதுரையில் எல்லாக் கல்லூரியையும் ஜெயித்தோம். சென்னைக்குப் போகிற அளவுக்கு வந்தது. மாமனிடம் பி.டி. டீச்சர் நேரில் போய்ப் பேசி, தானே கூட இருந்து பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்து, எங்களை அழைத்துப் போனார். அங்கே சிமெண்டுத் தரையில் ஆடிப் பழகிய பெரிய பெரிய கல்லூரிகள். எங்கள் பிள்ளைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பாவாடையும் வெறுங்காலுமாக இறங்கியதும் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அடுத்தது டெல்லி, அகில இந்தியப் போட்டி. பொட்டக்காட்டுக் காலேஜ் டெல்லிக்குப் போகிறது!

ஊர் திரும்பிய மறுநாள் தினசரி ஒன்றில் படம் வந்தது. செல்வராணி காற்றில் நிற்கிறாள். ஒரு கை வளையத்துக்கு மேலே. பாவாடை பறந்து முழங்கால் தெரிகிறது. எனக்கு இன்னும் கண்ணை மூடினால் அந்தப் படம் தெரியும், அவ்வளவு அழகு. நூர்ஜகான் என்று எங்கள் அணியில் ஒருத்தி, டவுனில் அவள் அத்தாவுக்குப் பாத்திரக் கடை. அவர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி, வருகிற ஆள் எல்லோருக்கும் காட்டினார். பரவைச் சந்தையில் காய் விற்கிற பெண்கள் எங்களைக் கூப்பிட்டுக் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். எங்கே போனாலும் எங்கள் கல்லூரிப் பேச்சுதான். அதுவரை எனக்கும் இரண்டு ஆடுகளுக்கும் மட்டும் சொந்தமாக இருந்த அணி, ஒரே நாளில் ஊர்ச் சொத்தாகிவிட்டது.

அந்த வாரம் முடிவதற்குள் சோழவந்தானிலிருந்து மாமன் வந்தார். கஞ்சி போட்ட சட்டை. கையில் அந்தப் பேப்பர், நாலாக மடித்தபடி. மைதானத்து ஓரத்தில் நின்றுதான் பேசினார், நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"டீச்சரம்மா, உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. பிள்ள நல்லாத்தான் ஆடுது. நானே பாத்தேனே, பேப்பர்ல."

"பின்ன என்னங்க? சந்தோசப்பட வேண்டியதுதான?"

"நான் மட்டுமா பாத்தேன்? டீக்கடையில அம்புட்டுப் பயலும் பாத்துட்டான். ஒருத்தன் எச்சியத் தொட்டுப் பொரட்டுறான். ஒருத்தன் அவ காலு மேலயே டீ கிளாஸ வச்சுட்டுக் கதை பேசுறான். நான் எந்திருச்சு வந்துட்டேன்."

"டெல்லிப் போட்டி ஒண்ணு மட்டும் முடியட்டும்ங்க. அப்பறம் நானே கொண்டாந்து விடுறேன்."

"ஒருக்காப் பாத்த கண்ணு மறுக்காவும் பாக்கும் டீச்சரம்மா. தோத்துட்டு வந்திருந்தா யாருக்குத் தெரியப் போகுது? வாரேன்."

அவர் சத்தம் போடவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் செல்லூர்க்காரி நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். செல்வராணி தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். என்னைத் தாண்டும்போது, "போயிட்டு வாரேண்டி" என்றாள். வரவில்லை. தை பிறந்ததும் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம்.

டெல்லியில் முதல் ஆட்டத்திலேயே எங்களைப் பந்தாடிவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு ஒரு சாயங்காலம் பி.டி. டீச்சர் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "மெட்ராஸ்ல தோத்துருந்தம்னா, ராணி இன்னும் ஒரு வருசம் ஆடியிருப்பா."

அன்றைக்கு அந்த வார்த்தை என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் நான் கத்தியதில்லை.

3

அமெரிக்கா புறப்படுவதற்கு முன்னால், எண்பதுகளின் தொடக்கத்தில், செல்வராணியை ஒரே ஒருமுறை பார்த்தேன். பரவைச் சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு மேலே தலை தெரிந்ததால் கண்டுபிடித்தேன்.

"இன்னும் வெளையாடுறாளுகளா?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது. அவள் பிள்ளைகளைப் பற்றி நான் கேட்டதற்கெல்லாம் பிறகுதான் பதில் வந்தது. "நம்ம வலை இருக்கா, கிழிஞ்சுபோச்சா?" என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். பேச்சுக்கு நடுவே குவியலிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தாள். நாலு எட்டுத் தள்ளித் தரையில் அவள் பை வாயைத் திறந்து கிடந்தது. மணிக்கட்டை மட்டும் மடக்கி விட்டாள். வெங்காயம் பையின் விளிம்பில்கூடப் படாமல் உள்ளே விழுந்தது.

நான் கை தட்டப் போனேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள், யாரும் பார்த்துவிட்டார்களா என்று. அந்தப் பார்வையை நான் விமானத்தில் கூடவே கொண்டுவந்தேன்.

4

இங்கே எங்களுக்கு வாய்த்த பெயர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் இந்தப் பயத்தில் சேர்ந்ததுதான். விசா மனுவில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் வீட்டுக்காரர் இளங்கோ யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் அப்பா பெயரை எழுதினார். முத்துக்கருப்பன். அன்றிலிருந்து நான் மிஸஸ் முத்துக்கருப்பன். கணக்குப்படி பார்த்தால் நான் என் மாமியார் ஆகிவிட்டேன். மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், இங்கே பல் டாக்டரைப் பார்க்கப் போனால்கூட அதைத்தான் எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். இதைத் திருத்த நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. "இதில் என்ன தவறு?" என்று எல்லாக் கவுண்டரிலும் கேட்டார்கள். தவறு என்ன என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வராது.

இப்போது அந்தப் பெயர் கயலின் முதுகில் இருக்கிறது, சட்டையில் கொட்டை எழுத்தாக. டி.வி.யில் வர்ணனை சொல்கிறவர் அதை "மட்டுக் கரப்பான்" என்கிறார். "எங்கப்பாவக் கரப்பாம்பூச்சியாக்கிட்டான்யா" என்று இளங்கோ விழுந்து விழுந்து சிரித்தார். அரங்கம் முழுக்க "கரப்பான்! கரப்பான்!" என்று கத்துகிறபோது என்னால் கூடக் கத்தவும் முடியாது. மாமனார் பெயர் ஆயிற்றே. அப்படியே முடிந்தாலும் நான் கத்தமாட்டேன் என்பது வேறு விஷயம்.

கயல் கல்லூரியில் சேர்ந்த புதிதில் அவர்கள் ஆட்டத்துக்கு நாற்பது பேர் வந்தால் அதிகம். சூடு ஏறாத அரங்கில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பிஸ்கட்டைப் பகிர்ந்துகொள்வோம். எனக்கு அது போதுமாக இருந்தது. தோற்றால், "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று வீட்டுக்குப் போவோம். பெரிய பல்கலைக்கழகம் தோற்றால் ஒரு தோல்வி, அவ்வளவுதான். சின்ன இடம் ஜெயித்தால்தான் வம்பு. வெற்றி ஒரு கதவைத் திறந்துவிடுகிறது, அதன் வழியாக யார் யார் உள்ளே வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பயிற்சியாளர் அம்மாவைப் பெரிய இடங்கள் கூப்பிடுவதாகப் பேச்சு. நன்றாக ஆடுகிற இரண்டு பிள்ளைகளையும் கூப்பிடுகிறார்களாம். நாற்பது பேரில் ஒருத்தியாக இருந்த நான் எங்கள் ஊர் அணிக்காகச் சந்தோஷப்பட வேண்டியவள். அதை விட்டுவிட்டு டி.வி. வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு டி.வி. நிகழ்ச்சியில் கோட்டுப் போட்ட மூன்று ஆண்கள் உட்கார்ந்து கயல் எகிறுவதை மெதுவாக, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அவள் முழங்காலைச் சுற்றி மஞ்சள் நிறத்தில் வட்டம் போட்டார். இந்தக் காலை நம்பித்தான் இந்த அணி இருக்கிறது என்றார். பாராட்டித்தான் சொன்னார். எனக்கு டீ கிளாஸ் ஞாபகம் வந்தது. எழுந்து டி.வி.யை அணைத்தேன்.

மறுநாள் எங்கள் வீட்டு டெலிபோனில் ஓர் ஆண் குரல் பதிவாகியிருந்தது. உங்கள் பெயரை எடுத்துக்கொண்டு உங்கள் நாட்டுக்கே போய்ச் சேருங்கள் என்றது. இடையில் சிரிப்பு வேறு. "எவனோ தண்ணியப் போட்டுட்டுப் பேசுறான், அழிச்சுவிடு" என்றார் இளங்கோ. அழித்துவிட்டேன். ஆனால் அந்த ஆள் இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்களைக் கூப்பிட்டிருக்க மாட்டான் என்பது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அப்போது எங்களை அவனுக்குத் தெரியாது.

பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கயல் கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாம், நீ எங்களத் தோக்கச் சொன்னியா?"

"தோக்கச் சொல்லலடி. தோத்துருவீங்கன்னு சொன்னேன்."

"அது இன்னும் மோசம். கோச் என்னக் கேக்கறாங்க, உங்க வீட்ல எல்லாம் ஓகேயான்னு. என் டீம் பிரெண்ட்ஸ் என்னைப் பாவமாப் பாக்கறாங்க."

"கண்ணு பட்டுரும்னு சொன்னேன். அம்புட்டுதான்."

"கண்ணு படும்னா என்ன? எல்லாரும் பாக்கறதுக்குத்தான ஆடறோம்?"

அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டியிருக்கும் அவளுடைய ஒரு வயதுப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். மதுரைக்குப் போயிருந்தபோது ஸ்டுடியோவில் எடுத்தது. இடது கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு.

"இது அழுக்குன்னு நெனச்சேன்" என்றாள். "ஏன் தொடைக்காம போட்டோ எடுத்தீங்கன்னு சின்ன வயசுலருந்து யோசிப்பேன்."

இத்தனை வருடமாக இந்தப் பிள்ளை அதை அழுக்கென்று நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதில்லை. "நான் வச்சதுடி அது" என்றேன். "பாக்குறவங்க கண்ணு மொதல்ல அந்தப் பொட்டு மேல போகணும். பிள்ள மேல போகக்கூடாது. பேப்பர்க்காரன்கிட்டச் சொன்னதும் அதுதான்."

பிறகு செல்வராணியைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவையாகச் சொன்னேன். படம், டீக்கடை, தகரப் பெட்டி, வெங்காயம் எல்லாம். கயலுக்குச் சில சொற்கள் புரியாமல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். கொடிக்கால் என்றால் என்ன என்று கேட்டாள். தாய்மாமன் எதற்கு அவ்வளவு முக்கியம் என்று கேட்டாள். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவங்க நல்லா ஆடுவாங்களா?"

"உன்னவிட."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அவளுடைய உடைந்த தமிழில், கோபமே இல்லாமல் கேட்டாள்: "அங்க அவங்கள மாமா நிறுத்தினாரு. இங்க என்னை யாரும்மா நிறுத்துவா? நீ மட்டும்தான இருக்க?"

அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. கஞ்சி போட்ட சட்டை போட்டு, கையில் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நிற்பது நான்தான் என்று தெரிந்துவிட்டது. கெட்ட எண்ணம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அவரும் பயந்துதான் போயிருந்தார்.

5

ஆட்டம் சிகாகோவில். எங்கள் ஊரே பஸ் பிடித்துக் கிளம்பியது. கம்பளிப் போர்வை ஆட்கள் நாற்பது பேரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் என்னிடம் எல்லோரும் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள். அவ்வளவு மரியாதையாகப் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

அந்த அரங்கத்துக்குள் நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதி நாலையும் சேர்த்துக் கூரை போட்டால் எப்படியிருக்கும், அவ்வளவு பெரிசு. அத்தனை கண். கூரையிலிருந்து வீடு அளவுக்கு ஒரு திரை தொங்கியது. அதில் எங்கள் பிள்ளைகள் முகம் வந்து வந்து போனது. "போயிரலாமா?" என்று இளங்கோவின் கையைப் பிடித்தேன். "எங்க போவ? பேசாம உக்காருத்தா" என்றார். அவர் கையும் ஈரமாகத்தான் இருந்தது.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் திரையில் கயல் வந்தாள். பக்கத்தில் மைக்கோடு ஒரு பெண். "உங்கள் அம்மா நீங்கள் தோற்றுவிடுவீர்கள் என்று சொல்லியிருக்கிறாரே, அவருக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். அரங்கம் சிரித்தது. எங்கோ கூச்சல்கூடப் போட்டார்கள். நான் இருக்கைக்குக் கீழே போய்விடலாமா என்று பார்த்தேன்.

கயல் நிதானமாகச் சொன்னாள்: "அம்மா சொன்னது சரிதான். நாங்கள் ஒன்றும் பெரிய அணி இல்லை. நானும் பெரிய ஆட்டக்காரி இல்லை. அநேகமாகத் தோற்றுவிடுவோம்."

மைக் பிடித்த பெண் கையிலிருந்த குறிப்பைப் புரட்டினாள். கயல் ஒரு விரலை எடுத்துத் தன் இடது கன்னத்தைத் தொட்டாள். அப்போதுதான் பார்த்தேன். கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. மை எங்கே கிடைக்கும் அவளுக்கு? மார்க்கர் பேனாவால் வைத்திருக்கிறாள், வட்டம்கூடச் சரியாக வரவில்லை. வீடு அளவுத் திரையில் அந்தக் கோணல் பொட்டுத்தான் முதலில் கண்ணில் பட்டது. வேலை செய்கிறது.

பக்கத்திலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. முதல் வசனம் சொல்லியாகிவிட்டது. இரண்டாம் வசனம் அந்தரத்தில் நிற்கிறது. அடுத்தவர் வாயிலிருந்து வர வேண்டிய நல்ல வார்த்தை அது, வராவிட்டால் பிள்ளை சொன்னதே நின்றுவிடும். அத்தனை ஆயிரம் பேரில் அதைத் தெரிந்தவர்கள் நானும் இளங்கோவும்தான். இளங்கோ கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். பயம் போய்விட்டது என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன், அப்படியேதான் இருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த அரங்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்ப்பது போலிருந்தது. அந்தப் பயத்தோடுதான் வாயைத் திறந்தேன்.

"அப்படிச் சொல்லாதடி! ஜெயிப்பீங்கடி! என் தங்கமே, ஜெயிப்பீங்க!"

செல்லூர்த் தறிச் சத்தத்துக்கு மேலே பழகிய குரல். இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்தும் துருப்பிடிக்கவில்லை. முன்வரிசைக்காரர் கையிலிருந்த சோளப்பொரி கொட்டிவிட்டது. கீழே, பளபளக்கிற அந்தத் தரையில், திரையில் தெரிந்த பிள்ளை இல்லை, நிஜப் பிள்ளை, முத்துக்கருப்பன் என்று முதுகில் எழுதிய பிள்ளை, தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தது.

பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

முடிவு என்ன ஆயிற்று என்று மதுரையிலிருந்து போன் மேல் போன். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அதெல்லாம் ஒண்ணும் பெருசா இல்லீங்க. என்னமோ ஆடுனாங்க. அடுத்த ஆட்டத்துல தோத்துட்டு வீட்டுக்கு வந்துருவாங்க.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.